வீட்டுக்காரர் வாங்கின துப்பாக்கி

நம்ம ஊர்ப் பக்கம் துப்பாக்கியை நேரில் பார்ப்பது என்றால் மூன்றே இடம்தான். பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி தோளில், போலீஸ் ஸ்டேஷனில், அப்புறம் தீபாவளிக்கு ரோல் கேப் சுடும்போது நம் கையிலேயே. கான்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா இடுப்பில் இருக்கும். பெட்ரோல் பங்க் முதலாளியின் மேஜை இழுப்பறையில் இருக்கும். சத்திரங்களில் 'ஆயுதத்துடன் உள்ளே வராதீர்கள்' என்று போர்டு வைத்திருப்பார்கள். முதல் தடவை அந்தப் போர்டைப் பார்த்தபோது தங்கமணி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மொய் கவரை வாசல்லயே கொடுத்துட்டுப் போயிடலாமா?" என்றாள்.

சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. 2016 டிசம்பர் கடைசியில் நாடு முழுக்க இருந்த ஆயுத லைசென்ஸ் சுமார் 33.69 லட்சம். அதில் உத்தரப்பிரதேசம் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாடு சுமார் 22 ஆயிரம். அதாவது நம்ம ஊரில் ஒன்று இருக்கும் இடத்தில் இங்கே ஐம்பதுக்கு மேல். ஜனத்தொகை வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் விஷயம் வேறு ரகம்தான்.

போதாக்குறைக்குத் துப்பாக்கி செய்கிற ஊரும் இதுதான். இங்கே இருக்கும் சிறு ஆயுதத் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. அர்மாப்பூர் எஸ்டேட் என்று ஆர்டனன்ஸ் ஊழியர்களுக்குத் தனி ஊரே இருக்கிறது. 2021 அக்டோபரில் பழைய ஆர்டனன்ஸ் போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, ஆயுதங்கள் செய்யும் கம்பெனிக்குத் தலைமையகம் கான்பூர் என்று ஆனது. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே கம்பெனியின் கீழ்தான். அதனால் அர்மாப்பூர் பக்கம் போனால் அங்கங்கே திருவெறும்பூர்த் தமிழ் காதில் விழும். பொங்கலுக்கு எங்களுக்குக் கரும்பு கிடைப்பதும் அவர்கள் புண்ணியத்தில்தான். :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார், நாங்கள் கீழே. தானிய மண்டியில் கடை. எல்லோருக்கும் அவர் லாலாஜி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருடைய தம்பி பையன் சாயங்காலம் வசூல் பணத்தோடு ஸ்கூட்டரில் வரும்போது இரண்டு பேர் வழிமறித்து அடித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பணம் போனது பெரிதில்லை, பையனுக்கு முழங்கை முறிந்து இன்னும் கை நேராக நீட்ட வரவில்லை. அதற்கப்புறம் லாலாஜி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், கலெக்டர் ஆபீஸ் நடை எல்லாம் முடிந்து, ஒருவழியாகக் கையில் வந்தது. வந்த அன்று ஒரு டப்பா லட்டோடு கீழே இறங்கி வந்தார்.

"இஞ்ஜினியர் சாஹப், நீங்கதான் பார்த்துச் சொல்லணும். சஸ்தாவும் வேணும், டிகாவூவும் வேணும்."

விலையும் கம்மியாக இருக்க வேண்டும், காலை வாரவும் கூடாது. இதற்கு என்னை ஏன் பிடித்தார் என்றால், என் பிழைப்பு அப்படி. நான் ஆணி பிடுங்குவது மின்சார ஸ்விட்ச் கியர் சோதனைக் கூடத்தில். உங்கள் வீட்டு மெயின் போர்டில் 'டப்' என்று விழுமே எம்.சி.பி., அதை ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைத்து, சுட வைத்து, ஷார்ட் சர்க்யூட் கொடுத்து, எப்போது உயிரை விடுகிறது என்று பார்த்து எழுதி வைக்கும் உத்தியோகம். 'பொருளைப் போட்டு உடைக்கிற மதராஸி' என்று லாலாஜி தன் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார்.

தங்கமணி லட்டை வாங்கி வைத்தாள். அவர் மேலே போனதும், "ஏங்க, நீங்களே நல்ல துப்பாக்கியா பார்த்து வாங்கிக் கொடுத்து, அது நம்ம தலைக்கு மேல இருக்கணுமா? சாயங்காலம் ஆனா பாப்பா அங்கதான் இருக்கா, ஞாபகம் இருக்கா?" என்றாள். பாப்பாவுக்கு ஏழு வயது. லாலாஜி பேரன் பேத்தியோடு தினமும் இரண்டு மணி நேரம் மாடியில்தான் வாசம். அவரை 'தாதாஜி' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் மேஸ்டன் ரோடுக்கு அவரோடு கிளம்பினேன். செருப்புக் கடைகளுக்கும் துப்பாக்கிக் கடைகளுக்கும் பேர் போன தெரு அது.

கடையில் என்னவெல்லாம் கிடைக்கும்? சினிமாவில் பார்க்கிற 9 மி.மீ. எல்லாம் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது, அது தடை செய்யப்பட்ட ரகம். கைத்துப்பாக்கி என்று நம்மைப் போன்றவர்கள் வாங்க முடிவது பெரும்பாலும் '32 போர்'தான். அதில் இரண்டு ஜாதி. ஒன்று ரிவால்வர், ஆறு குண்டு, சுற்றும் சிலிண்டர். இன்னொன்று பிஸ்டல், பிடிக்குள் மேகசின். இரண்டுக்கும் 32 என்று பேர் இருந்தாலும் தோட்டா வேறு வேறு. ரிவால்வர் தோட்டா 1896 காலத்து டிசைன், நீளமானது. பிஸ்டல் தோட்டா 1899-ல் பிரௌனிங் செய்தது, குட்டை.

கான்பூர் தொழிற்சாலையின் 32 ரிவால்வர் பழைய பிரிட்டிஷ் வெப்லியின் வழியில் வந்தது, நடுவில் மடித்துத் திறக்கும். 2014-ல் அதிலேயே 'நிர்பீக்' என்று அரைக் கிலோ எடையில் டைட்டானியம் கலந்த உலோகத்தில் ஒன்று கொண்டுவந்தார்கள். பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரம், விலை அப்போதே சுமார் 1.22 லட்சம். 2023-ல் 'பிரபல்' என்று சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் ரிவால்வர் வந்தது. வெப்லி கம்பெனியே 2020-ல் லக்னோ பக்கம் ஹர்தோய் மாவட்டத்தில் உள்ளூர்க் கூட்டாளியோடு உற்பத்தி ஆரம்பித்தது. பிஸ்டல் வேண்டுமென்றால் வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையின் 'அஷானி'. இவை தவிர ஒரு தலைமுறை கைமாறி வரும் பழைய வெளிநாட்டுச் சரக்கு, அதற்கு இங்கே தங்க விலை.

'சஸ்தா' என்றால் உண்மையில் சஸ்தாவாக இன்னொன்றும் இந்தப் பக்கம் உண்டு, கட்டா. தண்ணீர்க் குழாயிலும் ஸ்டியரிங் கம்பியிலும் பட்டறையில் செய்யும் நாட்டுத் துப்பாக்கி. வைத்திருந்தாலே ஜெயில். அதைவிட முக்கியம், எதிரே நிற்பவருக்கு எவ்வளவு ஆபத்தோ பிடித்திருப்பவர் விரலுக்கும் அவ்வளவு ஆபத்து. லாலாஜி அந்தப் பக்கமே போகிறவர் இல்லை. எழுதாமல் விட்டால் விலைப் பட்டியல் முழுமையாகாதே என்று எழுதுகிறேன்.

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். நம்பகத்தன்மை என்பதை எப்படி அளப்பது?

எங்கள் கோவில்பட்டியில் ஒரு பழைய ஜோக் உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் ஒருத்தனைத் தரம் பார்க்க வைத்தார்களாம். அவன் ஒவ்வொரு குச்சியாக உரசி, 'நல்லா எரியுது, நல்லா எரியுது' என்று அணைத்துத் திரும்பவும் பெட்டியில் அடுக்கினானாம். தோட்டாவும் அதே கதைதான். வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டால் அது போய்விட்டது. மிச்சம் இருப்பதைப் பற்றி ஊகம்தான் செய்ய முடியும். அந்த ஊகத்தை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறோம் என்பதற்குப் பேர்தான் நம்பகச் சோதனை.

இதில் பெரிய பெரிய ஆட்கள் செய்ததைப் பார்ப்போம். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் கோல்ட், சாவேஜ் என்று இரண்டு கம்பெனிப் பிஸ்டல்களைப் போட்டிக்கு விட்டது. ஒவ்வொன்றிலும் 6,000 குண்டு. சூடு தாங்காமல் போனால் தண்ணீரில் முக்கி எடுத்துத் திரும்பவும் சுட்டார்கள். சாவேஜ் 37 தடவை மக்கர் செய்தது. பிரௌனிங் டிசைன் செய்த கோல்ட் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. அதற்கப்புறம் 70 வருஷத்துக்கு மேல் அவர்கள் ராணுவத்துக் கைத்துப்பாக்கி அதுதான்.

1980-களில் அதை மாற்ற நினைத்தபோது கடைசிச் சுற்றில் பெரெட்டா, சிக் சாவர் இரண்டுமே பாஸ். தனித் துப்பாக்கி விலை பார்த்தால் சிக் சற்றே குறைவு. மேகசின், உதிரிப் பாகம் எல்லாம் சேர்த்து மொத்தமாகப் போட்டுப் பார்த்ததில் பெரெட்டா குறைவு. 1985 ஜனவரியில் ஆர்டர் பெரெட்டாவுக்குப் போனது. லாலாஜியிடம் இந்தக் கதையைச் சொன்னதும் மண்டிக்காரர் மூளைக்குச் சட்டென்று பிடிபட்டது. "மூட்டை விலை வேற, கூலி வண்டிச் சத்தம் சேர்த்து வீட்டுக்கு வந்து விழுந்த விலை வேற" என்றார். அதேதான்!

விலை மலிந்த துப்பாக்கிகளுக்காகவே ஒரு சோதனையைச் சட்டமாகப் போட்ட இடம் கலிபோர்னியா. அங்கே ஒரு காலத்தில் மட்டமான உலோகத்தில் சல்லிசாகச் செய்த குட்டித் துப்பாக்கிகள் மலிந்து கிடந்தன. 1999-ல் சட்டம் போட்டு 2001 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மாடலில் மூன்று துப்பாக்கி கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 600 குண்டு சுட வேண்டும். 50-க்கு ஒரு தடவை ஆறவிடலாம், 100-க்கு ஒரு தடவை துடைத்து ஸ்க்ரூ முடுக்கலாம். முதல் 20-ல் ஒரு கோளாறும் வரக்கூடாது, மொத்தம் ஆறுக்கு மேல் கூடாது, எங்கும் விரிசல் விடக்கூடாது. அதோடு ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் ஆறு விதமாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு தடவைகூட வெடிக்கக் கூடாது.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது மூன்று துப்பாக்கி கேட்பதுதான். ஒரே துப்பாக்கியில் இரண்டாயிரம் குண்டு சுட்டுப் பார்த்தால் அந்த ஒரு துப்பாக்கியின் ஜாதகம்தான் தெரியும். அடுத்ததை வேறு ஷிப்டில் வேறு ஆள் அசெம்பிள் செய்திருப்பார்.

இன்னொரு சின்னக் கணக்கு, எங்கள் கூடத்தில் தினமும் புழங்குவது. ஒரு பொருளை 'எ' தடவை சோதித்து ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை என்றால், பழுது விகிதம் அதிகபட்சம் 3-ஐ 'எ'-யால் வகுத்தால் வருவது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 300 குண்டு சுத்தமாகப் போனால், நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கோளாறு வராது என்று சொல்லலாம். 30 குண்டு போனால் நூற்றுக்குப் பத்து வரைக்கும் இருக்கலாம். 'நான் பத்து ரவுண்டு சுட்டேன், அருமையா இருக்கு' என்று யாராவது சொன்னால் அதற்கு இந்தக் கணக்கில் என்ன மரியாதை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இங்கேதான் நம்ம நாட்டுச் சிக்கல். 32 தோட்டா ஒன்று நூறு ரூபாய்க்கு மேல் என்றார் கடைக்காரர். ஒரு வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். 300 குண்டு சுட்டுச் சோதிக்க வேண்டுமென்றால் முப்பதாயிரத்துக்கு மேல் செலவு, கோட்டாவும் காலி. ஆக, அமெரிக்கக்காரன் முறை நமக்கு ஒத்துவராது. குண்டு செலவில்லாமல் கண்டுபிடிக்கக் கூடியதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும், மிச்சத்துக்கு மட்டும் குண்டு.

முதல் முடிவு, ரிவால்வரா பிஸ்டலா? பிஸ்டல் ஒவ்வொரு தடவையும் நாலு வேலை பார்க்கிறது. குண்டை ஏற்றுவது, வெடிப்பது, காலிக் கூட்டைப் பிடித்து இழுப்பது, வெளியே எறிவது. இதில் மூன்றைத் தோட்டாவின் சக்தியை வைத்தே செய்துகொள்கிறது. தோட்டா சோப்ளாங்கியாக இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். போதாததற்கு 32 பிஸ்டல் தோட்டாவுக்கு அடியில் லேசாக விளிம்பு உண்டு. மேகசினில் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொண்டால் முடிந்தது. ரிவால்வரில் இந்த வேலையெல்லாம் நம் விரல் செய்கிறது. ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்த அறை வரும். வாரம் ஒருமுறை பழகுகிற ஆளுக்குப் பிஸ்டல் பரவாயில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கையில் எடுக்கப்போகும் அறுபது வயது மண்டிக்காரருக்கு ரிவால்வர்தான்.

'ரிவால்வர் சிக்கவே சிக்காது' என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எரியாத மருந்துத் துணுக்கு காலிக் கூட்டைத் தள்ளும் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தாலோ, தோட்டாவின் பின்பக்க ப்ரைமர் சரியாக அமுங்காமல் துருத்திக்கொண்டிருந்தாலோ சிலிண்டர் சுற்றாது. அது சிக்கினால் கையில் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும்.

அப்புறம் கடையில் காலித் துப்பாக்கியை வைத்து நாங்கள் பார்த்தவை:

1. ஹாமரை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுத்து, ஆறு அறையும் சிலிண்டர் சரியான இடத்தில் வந்து 'டிக்' என்று பூட்டுகிறதா. ஐந்து அறை பூட்டி ஒன்று பூட்டாவிட்டால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

2. பூட்டின நிலையில் சிலிண்டரை ஆட்டினால் எவ்வளவு ஆட்டம். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும்.

3. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வெளிச்சம் ஒரு சீராகத் தெரிகிறதா. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம் என்றால் கோணல்.

4. மடித்துத் திறக்கும் ரகம் என்றால் கீல் ஆடுகிறதா, மேல் கொக்கி இறுக்கமாகப் பிடிக்கிறதா.

5. சோதனை முத்திரை. தயாரிப்பில் ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். ஐரோப்பிய விதிப்படி கைத்துப்பாக்கிக்கு 30 சதவீதம் கூடுதல் அழுத்தம். குழல் வெடிக்காது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. மக்கர் செய்யாது என்பதற்கு அல்ல.

கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார், மூன்றும் ஒரே மாடல், ஒரே விலை. இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். என்ன மாடல் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. ஒரு துப்பாக்கியின் ஜாதகத்தை வைத்து மாடலுக்கு ஜோசியம் சொல்லக் கூடாது என்று இப்போதுதானே எழுதினேன்?

அடுத்த ஞாயிறு ரைஃபிள் கிளப் ரேஞ்சில் சோதனை. சுட்டது லாலாஜி, பக்கத்தில் பயிற்சியாளர். நான் பின்னால் நோட்டும் பேனாவுமாக. (என் பேரில் லைசென்ஸும் இல்லை, ஆசையும் இல்லை.) கடையில் துப்பாக்கியோடு கொடுத்த பெட்டியிலிருந்து முதல் 10 குண்டு. அதில் 2 வெடிக்கவில்லை. 'டிக்' சத்தம் மட்டும். அந்த மாதிரி நேரத்தில் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்றார் பயிற்சியாளர். காத்திருந்தோம். லாலாஜி முகம் செத்துப்போயிற்று. "லட்சம் ரூபாய் போச்சே, இஞ்ஜினியர் சாஹப்!"

எனக்கு உள்ளுக்குள் உற்சாகம். பழுது வந்தால்தானே எங்கள் தொழிலே ஆரம்பிக்கிறது! வெடிக்காத இரண்டின் பின்பக்கத்தையும், வெடித்த எட்டின் பின்பக்கத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஊசி குத்தின பள்ளம் பத்திலும் ஒரே ஆழம். ஆக ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த இரண்டையும் திரும்பப் போட்டதில் ஒன்று வெடித்தது, ஒன்று கடைசி வரை வெடிக்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பழைய சரக்கு. அடியில் அட்டை நமுத்துக் கறை பிடித்திருந்தது. கடை அலமாரியில் எத்தனை மழைக்காலம் பார்த்ததோ!

வேறு கடையில் புதுத் தயாரிப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் 50 குண்டு. ஆறு அறைக்கும் சமமாக வரும்படி நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். ஐம்பதும் சுத்தம். மிச்சமிருந்த பழைய தோட்டாக்களை இனி தொட வேண்டாம், முறைப்படி கடையில் ஒப்படைத்துவிடுங்கள் என்றேன். அப்படியே செய்தார்.

"அப்ப நம்பலாமா?" என்றார்.

"ஐம்பதுக்கு ஒண்ணும் ஆகலை. கணக்குப்படி நூத்துக்கு ஆறுக்கு மேல கோளாறு வராது, அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"ஆறு தடவை வெடிக்காதா?"

"வெடிக்காதுன்னு சொல்லலை லாலாஜி. அதுக்குக் கீழேன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லைன்னு சொல்றேன்."

மண்டிக்காரர் அல்லவா, சிரித்துவிட்டார். "நீங்க நெல்லுக்கு விலை சொன்னா ஒருத்தனும் வாங்கமாட்டான்."

ஆனால் மக்களே, இதுவரை எழுதினது பாதி நம்பகத்தன்மைதான். எம்.சி.பி.யில் எங்களுக்கு இரண்டு கேள்வி உண்டு. விழ வேண்டிய நேரத்தில் விழுகிறதா? விழக் கூடாத நேரத்தில் விழாமல் இருக்கிறதா? முதலாவது தவறினால் வீடு எரியும். இரண்டாவது தவறினால் ஃபேன் நின்று தூக்கம் கெடும். துப்பாக்கியில் இந்த இரண்டாவதும் உயிர் விஷயம். கடையிலோ ரேஞ்சிலோ இதை யாரும் கேட்பதே இல்லை.

இதில் பெரிய கம்பெனியும் தப்பவில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பி 320 பிஸ்டலைத் தேர்வு செய்தது. அதே வருஷம் ஆகஸ்டில், கடைகளில் விற்ற பி 320 சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று வெளியே வந்து, கம்பெனி இலவசமாகப் பாகம் மாற்றித் தரும்படி ஆயிற்று. விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறதா, எப்படி வேலை செய்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, ஆறு அறை பூட்டுகிறதா என்று பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு மனிதக் கோளாறு. இந்தப் பக்கம் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது ஒரு சம்பிரதாயம் மாதிரி. மேலே போனது கீழே வந்துதானே ஆக வேண்டும்? மொட்டை மாடியில் வேடிக்கை பார்த்தவர், சில சமயம் மாப்பிள்ளையே, செத்துப்போன செய்தி ஒவ்வொரு முகூர்த்த சீசனிலும் வருகிறது. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கென்றே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். லாலாஜிக்கு அடுத்த மாதம் மருமகன் வீட்டுக் கல்யாணம் ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு போகவில்லை. போகாமல் இருக்க வைத்தது நானில்லை, அவருடைய வீட்டம்மா.

வீட்டம்மா என்றதும் தங்கமணி விஷயம். லாலாஜி தலையணைக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தார். "பெட்டியில பூட்டி வெச்சா அவசரத்துக்கு எப்படி எடுக்கறது?" என்பது அவர் வாதம். இரண்டு நம்பகத்தன்மையும் ஒன்றுக்கொன்று முட்டுகிற இடம் இதுதான். நான் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கமணி மாடி ஏறி, வீட்டம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் அரைகுறை ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "மாஜி, திருடன் வழிமறிச்சது வீட்டுக்குள்ளயா, ரோட்டுலயா?"

ரோட்டில்தான், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், பணப்பையோடு வரும்போது. அப்படியானால் துப்பாக்கிக்கு வேலை அந்த ஒரு மணி நேரம்தான். மிச்ச இருபத்துமூன்று மணி நேரம் அது வீட்டில் பூட்டியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சுவரில் போல்ட் போட்டு முடுக்கின இரும்பு லாக்கர் இரண்டு நாளில் வந்துவிட்டது. தோட்டா வேறு பெட்டி, வேறு பூட்டு. துப்பாக்கிச் சாவி லாலாஜியிடம், தோட்டாச் சாவி மாஜியிடம். எங்கள் கூடத்தில் 'ஒரே தவறால் விபத்து வராதபடி இரண்டு தடுப்பு' என்று பத்துப் பக்க அறிக்கை எழுதுவோம். இரண்டு பெண்கள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். எம்.சி.பி. எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நாங்கள் முதலில் சொல்வது ஒயரிங்கைச் சரிபார் என்றுதான். அது விழ வேண்டிய நிலைமையே வரக் கூடாது. ரொக்க வசூலைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். முனகினார். இப்போது முக்கால்வாசிக் கடைக்காரர்கள் போனிலேயே பணம் அனுப்புகிறார்கள். ரொக்கம்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் சில பழைய வாடிக்கைகளிடம் பகலிலேயே ஆள் அனுப்பி வாங்கி நேராக பேங்கில் கட்டிவிடுகிறார். துப்பாக்கி லாக்கரைவிட்டு வெளியே வரும் நாட்கள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

பாப்பா இன்னும் மாடிக்குப் போகிறாள். முதல் ஒரு மாதம் தங்கமணி விடவில்லை. லாலாஜி பேரப்பிள்ளைகளைக் கீழே எங்கள் வீட்டுக்கு வரவழைத்து, தோசை வார்த்துப் போட்டுச் சமாளித்தாள். லாக்கர் வந்து, சாவி பிரிந்து, அவள் தன் கண்ணால் பார்த்தபிறகுதான் அனுமதி. பாப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். எங்கேயாவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அங்கே நிற்காதே, பெரியவர்களைக் கூப்பிடு.

நம்மைப் போல வெளியூர் வந்து குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. பக்கத்து வீட்டில் போய் 'உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா, எங்க வெச்சிருக்கீங்க?' என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்போம். நாய் கடிக்குமா என்று கேட்டுவிட்டுத்தானே கேட்டைத் திறக்கிறோம்? இதையும் கேளுங்கள். மரியாதையாக, அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். லாலாஜி வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே மாஜி தன் நாத்தனார் வீட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தாராம். அங்கே பீரோவுக்கு மேலே, துணி மூட்டைக்கு நடுவில், குண்டு போட்டபடியே இருந்ததாம். இப்போது அங்கேயும் லாக்கர் வந்துவிட்டது.